கோவென்ட்ரிக்குப் போனவர் திரும்பி வர என்ன வழி?

இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் டார்ப்போர்லி என்றொரு சிற்றூர். 1762இல் அங்கே ஒரு வேட்டைக் கழகம் தொடங்கினார்கள். நிலபுலன் உள்ள கனவான்கள் கூடுவார்கள், குதிரையேறி வேட்டைக்குப் போவார்கள், திரும்பி வந்து குடிப்பார்கள். அந்தக் கழகத்தின் குறிப்பேட்டில் 1765ஆம் ஆண்டுப் பதிவு ஒன்று இருக்கிறது. ஜான் பாரி என்ற உறுப்பினர் வேட்டை நாய்களைச் சொன்ன இடத்துக்கு அனுப்பாமல் வேறிடத்துக்கு அனுப்பிவிட்டார். அதற்காக அவர் ‘கோவென்ட்ரிக்கு அனுப்பப்பட்டார்’. கழகத்துக்கு ஆறு புட்டி கிளாரெட் ஒயின் கொடுத்ததும் ‘திரும்பி வந்தார்’.

பாரி ஊரை விட்டு எங்கும் நகர்ந்திருக்க மாட்டார். அதே மேசையில், அதே நண்பர்களுக்கு நடுவேதான் உட்கார்ந்திருப்பார். அவரோடு யாரும் பேசவில்லை, அவ்வளவுதான். ‘சென்ட் டு கோவென்ட்ரி’ என்ற ஆங்கில வழக்குக்கு அன்றும் இன்றும் இதுதான் பொருள்: ஒரு குழு சேர்ந்து முடிவு செய்து, தன் ஆள் ஒருவரோடு பேச்சை வெட்டிவிடுவது. கோபத்தில் ஒருவர் மட்டும் இன்னொருவரோடு பேசாமல் இருந்தால் இந்தத் தொடர் பொருந்தாது. கூட்டாகச் செய்ய வேண்டும். அனுப்பப்பட்டவர் கண்ணெதிரே இருக்க வேண்டும். இல்லாதவர் போல அவரை நடத்த வேண்டும்.

இந்த வழக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ‘ஏன் கோவென்ட்ரி?’ என்று கேட்பதோடு நின்றுவிடுகிறார்கள். நல்ல கேள்விதான், அதற்கும் வருகிறேன். ஆனால் எனக்கு அந்தக் குறிப்பேட்டில் ஆறு புட்டி ஒயின்தான் முக்கியமாகப் படுகிறது. தண்டனை என்ன என்பதோடு, அது எப்படி முடியும் என்பதும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது. இந்தத் தொடரின் பின்னாளைய வரலாற்றைப் பார்த்தால் அந்த இரண்டாம் பாதிதான் மெல்ல மெல்லக் கழன்று போயிருக்கிறது.

குரோஸ் எழுதிவைத்த விதிகள்

பிரான்சிஸ் குரோஸ் (1731-1791) ஒரு தொல்பொருள் ஆர்வலர். நல்ல சாப்பாட்டுப் பிரியர். சர்ரே குடிப்படையில் கேப்டனாகவும் இருந்தவர், ஆகவே படை அதிகாரிகளின் உணவுக்கூடம் அவருக்குப் பழகிய இடம். தெருவிலும் கப்பலிலும் சிறையிலும் புழங்கிய கொச்சைச் சொற்களைத் திரட்டி 1785இல் ஓர் அகராதி போட்டார். அவர் இறந்த பிறகு 1811இல் அது விரிவாக்கப்பட்டு மறுபடி வந்தது. அதில் கோவென்ட்ரி என்ற தலைப்பின் கீழ் உள்ள குறிப்பு ஒரு சட்டப் பிரிவு போலவே இருக்கிறது.

அதன் சாரம் இது. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிற அதிகாரிக்கும், ராணுவ நீதிமன்றம் வரை கொண்டுபோக வேண்டாத சில்லறைத் தவறு செய்தவருக்கும் சக அதிகாரிகளே கொடுக்கிற தண்டனை இது. கோவென்ட்ரிக்கு அனுப்பப்பட்டவர் ஊரில் இல்லாதவராகக் கருதப்படுவார். யாரும் அவரோடு பேசக்கூடாது, அவர் கேட்டதற்குப் பதில் சொல்லவும் கூடாது. பணி தொடர்பான பேச்சுக்கு மட்டும் விலக்கு. மீறிப் பேசுகிறவர் தானும் அதே ஊருக்கு அனுப்பப்படுவார். தவறை உணர்ந்து முறைப்படி பணிந்தால், அவரைத் திரும்ப அழைத்து, கோவென்ட்ரிப் பயணம் முடித்து இப்போதுதான் வந்து சேர்ந்தவர் போல உணவுக்கூடத்தில் வரவேற்பார்கள்.

எத்தனை கவனமாக யோசித்திருக்கிறார்கள் பாருங்கள். பணி தொடர்பான பேச்சுக்கு விலக்கு இல்லாவிட்டால் படையே நடக்காது. பேசுகிறவருக்கும் அதே தண்டனை என்ற விதி இல்லாவிட்டால், இளகிய மனசுக்காரர் ஒருவர் இரவில் போய்ப் பேசிவிடுவார், தண்டனை அன்றோடு காலி. இப்படிப்பட்ட தண்டனைகள் எல்லாவற்றுக்கும் முதுகெலும்பு இந்த விதிதான். ஒதுக்கப்பட்டவர் மேல் கோபம் இல்லாதவர்களும் அடுத்தது நாமாகிவிடுவோமோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொள்வார்கள்.

கடைசி விதியில் ஒரு நாகரிகம் இருக்கிறது. திரும்பியவரிடம் ‘நீ செய்தது தப்பு’ என்று யாரும் குத்திக்காட்ட முடியாது. பயணம் போய் வந்தவரிடம் கேட்பது போல ‘வாங்க, பயணம் எப்படி?’ என்றுதான் கேட்க முடியும். ஊர்ப் பெயரை வைத்துக் கட்டிய பொய் இரு தரப்புக்கும் முகத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது. தண்டம் கட்டி, சபையில் விழுந்து கும்பிட்டு ஊரோடு சேர்வது தமிழ்நாட்டுக் கிராமங்களில் தெரிந்த கதை. ஆனால் நம் ஊர்விலக்கில் சாதியும் நிலமும் கலந்து கிடக்கும். தண்டம் கட்டியவரின் பேரப்பிள்ளை வரை அதைச் சொல்லிக் காட்டுவார்கள். டார்ப்போர்லிக் கனவான்களின் விளையாட்டு அவ்வளவு கனமில்லாதது. எல்லோரும் ஒரே அந்தஸ்து, எல்லோருக்கும் ஆறு புட்டி ஒயின் வாங்குகிற வசதி.

சரி, ஏன் கோவென்ட்ரி?

கோவென்ட்ரி இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள பழைய நகரம். ஆடையின்றிக் குதிரையில் வந்த கொடைவா சீமாட்டியின் கதையும், ஒளிந்திருந்து எட்டிப்பார்த்த டாமின் கதையும் இந்த ஊரைச் சேர்ந்தவைதான். அந்த டாம் ‘பீப்பிங் டாம்’ என்று தனியே ஓர் ஆங்கில வழக்காக ஆகிவிட்டான்.

அதிகம் சொல்லப்படும் விளக்கம், மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரோடு சேர்ந்தது. 1642 ஆகஸ்டில் முதலாம் சார்லஸ் மன்னர் கோவென்ட்ரி வாசலில் வந்து நின்றார். நகரம் கதவைத் திறக்கவில்லை. அடுத்த சில நாட்களில், ஆகஸ்ட் 22இல், நாட்டிங்ஹாமில் போர்க்கொடி ஏற்றினார். அது முதல் கோவென்ட்ரி நாடாளுமன்றத் தரப்பின் கோட்டை. மன்னர் தரப்பில் முக்கியமான ஆளாக இருந்த கிளாரண்டன் பிரபு பின்னாளில் அந்தப் போரின் வரலாற்றை எழுதினார். அவர் இறந்து வெகுநாள் கழித்து, 1702-1704இல் அது அச்சில் வந்தது. பர்மிங்ஹாம்காரர்கள் மேல் அவருக்குத் தீராத கடுப்பு. மன்னர் படையின் சிறு குழுக்கள் மேல் பாய்ந்து, கொன்றார்கள், அல்லது பிடித்துக் கோவென்ட்ரிக்கு அனுப்பினார்கள் என்று எழுதுகிறார். ‘கோவென்ட்ரிக்கு அனுப்பினார்கள்’ என்ற சொற்கள் அப்படியே அங்கே இருக்கின்றன.

1648 ஆகஸ்டில் பிரஸ்டன் போரில் தோற்ற ஸ்காட்லாந்துப் படையின் கைதிகளும் கோவென்ட்ரிக்கு வந்தார்கள், செயின்ட் ஜான் தேவாலயத்தில் அடைக்கப்பட்டார்கள், ஊர்க்காரர்கள் அவர்களுக்கு முகம் கொடுக்கவில்லை என்பது உள்ளூர் வழக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் ஓர் ஓட்டை உண்டு. கிளாரண்டன் சொல்கிற அனுப்புதல் நிஜமான அனுப்புதல். விலங்கு போட்டுச் சிறைக்குக் கொண்டுபோவது. பேசாமல் ஒதுக்குவது என்ற பொருள் அங்கே துளியும் இல்லை. அந்தப் போருக்கும் பாரியின் ஒயினுக்கும் இடையில் நூற்றிருபது வருடத்துக்கு மேல் இடைவெளி. அச்சில் வந்த பிறகு கிளாரண்டனின் நூல் படித்தவர்கள் வீட்டில் எல்லாம் இருந்தது. அதிலிருந்து யாரோ ஒரு குறும்புக்காரர் அந்தத் தொடரை உருவி எடுத்திருக்கலாம். நம்பக்கூடியது, நிரூபிக்கப்படாதது. அதற்கு மேல் நான் போக மாட்டேன்.

இன்னொரு விளக்கத்தை 19ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற ப்ரூவர் வழக்குக் களஞ்சியம் தருகிறது. கோவென்ட்ரி மக்களுக்குப் படைவீரர்களைக் கண்டாலே ஆகாது. ஒரு பெண் படைவீரனோடு பேசினாலே அவளை ஒதுக்கிவிடுவார்கள். ஆகவே அந்த ஊருக்கு மாற்றலாகிப் போன வீரனுக்குப் பேச்சுத்துணை கிடையாது என்கிறது. தண்டனை படை அதிகாரிகளின் கூடத்தில் புழங்கியது என்பதோடு இது பொருந்துகிறது. ஆனால் எந்த வருடம், எந்தப் படைப்பிரிவு என்று ஒரு தகவலும் அதில் இல்லை. ஒரு கதை பொருத்தமாக இருப்பதே அதன் மேல் சந்தேகப்படக் காரணம் என்று சொல்கிறவன் நான். ‘கோல்டு ஷோல்டர்’ (முகம் கொடுக்காமல் ஒதுக்குவது) என்ற தொடருக்கு, வேண்டாத விருந்தாளிக்கு ஆறிப்போன ஆட்டுத் தோள்கறி வைப்பார்கள் என்று ஒரு கதை சொல்வார்களே, அதுவும் இப்படித்தான். அந்தத் தொடர் 1816இல் வால்டர் ஸ்காட்டின் நாவலில் வரும்போது அங்கே கறியும் இல்லை, விருந்தும் இல்லை. ஒரு சீமாட்டி தன் தோளைத் திருப்பிக்கொள்கிறாள், அவ்வளவே. தூக்கு மரத்தோடு கோவென்ட்ரியை முடிச்சுப் போடும் விளக்கமும் ஒன்று உண்டு, அதை விட்டுவிடலாம்.

விளக்கங்களில் பெரும்பாலும் விட்டுப்போகிற ஒரு தகவல்: மன்னராட்சி மீண்ட பிறகு இரண்டாம் சார்லஸ் 1662இல் கோவென்ட்ரியின் மதிலை இடிக்கச் செய்தார். தந்தைக்குக் கதவடைத்ததற்கான தண்டனை. அடுத்த தலைமுறைகளின் அரச விசுவாசிகளுக்கு அது முகம் சுளிக்க வைக்கிற பெயராக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

மேயோ, 1880

கோவென்ட்ரி என்ற தண்டனை கனவான்களின் கூடத்தை விட்டு வெளியேறி ஒரு மாவட்டமே சேர்ந்து செய்கிற காரியமாக ஆனது அயர்லாந்தில். அதற்குத் தேதி சொல்ல முடியும்: 1880 செப்டம்பர் 19.

அதற்கு முந்தைய வருடம் மழை பெய்து விளைச்சலைக் கெடுத்திருந்தது. 1840களின் பெரும் பஞ்சத்தைக் கண்ணால் கண்டவர்கள் மேற்கு அயர்லாந்தில் இன்னும் உயிரோடு இருந்தார்கள். குத்தகை கட்ட முடியாதவர்களை நிலத்திலிருந்து வெளியேற்றினார்கள். வெளியேற்றப்பட்டவரின் நிலத்தைக் குத்தகைக்கு எடுக்க வேறொருவர் வந்துவிடுவார். 1879 அக்டோபரில் உருவான, குத்தகைக்காரர்களின் இயக்கமான நிலக் கழகத்துக்குத் தலைவர் சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல். கிளேர் மாவட்டத்தின் என்னிஸ் நகரில் கூடிய கூட்டத்தில் அவர் கேட்டார்: பக்கத்து வீட்டுக்காரன் வெளியேற்றப்பட்ட நிலத்தை ஏலம் கேட்கிறவனை என்ன செய்யலாம்?

‘சுட்டுத் தள்ளுங்கள்’ என்று கூட்டத்தில் குரல் எழுந்தது. அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு என்றார் பார்னெல். அதிகக் கிறிஸ்தவத் தன்மை கொண்ட வழி, வழிதவறியவன் மனம் திருந்தவும் இடம் கொடுக்கிற வழி. ரோட்டில் கண்டால் விலகுங்கள், கடையில் விலகுங்கள், சந்தையில் விலகுங்கள், கோயிலிலும் விலகுங்கள். பழங்காலத்துத் தொழுநோயாளியைப் போல அவனைத் தனிமைப்படுத்துங்கள் என்றார். அந்தப் பேச்சில் அவர் எடுத்தாண்ட சொல் கோவென்ட்ரி. ஒழுக்க நெறியின் கோவென்ட்ரிக்கு அவனை அனுப்புங்கள் என்றார்.

பார்னெல் நிலக்கிழார் குடும்பத்துப் பிள்ளை, கேம்பிரிட்ஜில் படித்தவர். அந்தத் தொடர் அவருக்கு வாய்ப்பழக்கமாக இருந்திருக்கும். கேட்டுக்கொண்டிருந்த குத்தகைக்காரர்களில் எத்தனை பேருக்கு அது விளங்கியதோ. ஆனால் அவர் சொல்ல வந்தது விளங்கிவிட்டது. குரோஸின் விதிகளில் இருந்த திரும்பும் வழியை, ‘மனம் திருந்த இடம்’ என்று அவரும் வாயளவில் வைத்திருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். அதே மூச்சில் தொழுநோயாளியையும் சொன்னார். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாது.

மூன்றே நாளில் இது நடைமுறைக்கு வந்தது. ஆனால் பார்னெல் குறி வைத்த ஆள் மேல் இல்லை. மேயோ மாவட்டத்தில் மாஸ்க் ஏரிக்கரையில், பாலின்ரோப் ஊர்ப் பக்கத்தில், எர்ன் பிரபுவின் நிலத்துக்கு முகவராக இருந்தவர் சார்லஸ் கன்னிங்ஹம் பாய்காட். நார்போக்கில் பிறந்த ஆங்கிலேயர். இளமையில் 39ஆம் காலாட்படைப் பிரிவில் கொஞ்சகாலம் இருந்தவர். (1754இல் சென்னையில் வந்திறங்கி, இந்தியாவுக்கு வந்த முதல் அரசப் படைப்பிரிவு என்று பெருமை பேசிய அதே பிரிவு.) கேப்டன் என்று ஊரார் அழைத்தது மரியாதைக்குத்தான். பிரபுவின் 1,500 ஏக்கருக்குக் குத்தகை வசூலிப்பது, தனக்கென்று ஒரு பண்ணையும் வைத்துக்கொள்வது, இவை அவர் பிழைப்பு. மொத்தம் 38 குத்தகைக் குடும்பங்கள்.

கொடூரமான ஆள் என்று சொல்ல முடியாது. கெடுபிடியான ஆள். வாயில் கதவைத் திறந்து போட்டால் அபராதம், கோழி எல்லை தாண்டினால் அபராதம். விறகு பொறுக்கவும் தடை. பஞ்சம் எட்டிப்பார்க்கும் வருடத்தில் கோழிக்கு அபராதம் போடுகிறவரை யார்தான் விரும்புவார்கள்?

அந்த வருடம் எர்ன் பிரபு குத்தகையில் 10 சதவீதம் குறைப்பதாகச் சொன்னார். குடியானவர்கள் 25 கேட்டார்கள். பிரபு மறுத்தார். பாய்காட் 11 குடும்பங்களை வெளியேற்ற நோட்டீஸ் வாங்கினார். செப்டம்பர் 22இல் காவலர் துணையோடு நோட்டீஸ் கொடுக்க ஆள் போனான். மூன்று வீடுகளில் கொடுத்தான். அதற்குள் பெண்கள் திரண்டு கல்லும் சேறும் சாணியும் வீசி அவனைத் துரத்திவிட்டார்கள்.

மறுநாள் கூட்டம் பாய்காட்டின் வீட்டுக்கே போய், வேலைக்காரர்களை வெளியே வரச் சொன்னது. ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் விரும்பி, சிலர் பயந்து. பிறகு கொல்லர் லாடம் அடிக்க மறுத்தார், சலவைக்காரப் பெண் துணி வாங்க மறுத்தார், பாலின்ரோப் கடைக்காரர்கள் சாமான் தர மறுத்தார்கள். இதையெல்லாம் பாய்காட்டே அக்டோபரில் லண்டன் டைம்ஸ் நாளிதழுக்குக் கடிதமாக எழுதினார். தபால் பை சுமந்த பன்னிரண்டு வயதுப் பையனை அடித்து மிரட்டினார்கள்; அதன் பிறகு தனக்கு மருமகன் முறையாகும் சிறுவனை அனுப்பினார்; அவனையும் வழிமறித்தார்கள். வேலியையும் பூட்டையும் உடைத்தார்கள், மாடுகளை ரோட்டில் ஓட்டிவிட்டார்கள், விளைந்ததை வாரிக்கொண்டு போனார்கள்.

இந்த நிகழ்வை அகிம்சையின் வெற்றி என்று மட்டும் எழுதுகிறவர்கள் அந்தக் கடிதத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். கொல்லருக்கு வந்தது கொலை மிரட்டல். பாய்காட் பெரிதுபடுத்தி எழுதியிருக்கலாம். ஆனால் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு விழுந்த அடியை எந்தக் கணக்கில் வைப்பது? குரோஸின் ‘பேசுகிறவருக்கும் அதே தண்டனை’ என்ற விதி உணவுக்கூடத்தில் இருக்கும்போது சிரிப்பு. மாவட்டம் முழுக்கப் பரவும்போது அதற்குக் கல்லும் தடியும் துணை வருகின்றன.

கடிதம் லண்டனிலும் பெல்பாஸ்டிலும் கொந்தளிப்பை உண்டாக்கியது. நிலத்தில் கிடக்கிற பயிரைக் காப்பாற்ற நிதி திரட்டினார்கள். கேவன், மோனகன் மாவட்டங்களிலிருந்து பிரிட்டிஷ் ஆட்சியை ஆதரித்த புராட்டஸ்டன்ட் அமைப்பான ஆரஞ்சு சங்கத்தார் 50 பேர் அறுவடைக்குக் கிளம்பினார்கள். அவர்களுக்குக் காவல் சுமார் ஆயிரம் படைவீரர்களும் காவலர்களும். நவம்பர் 12இல் ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். ஓயாத மழையில் கூடாரம் போட்டு, இரண்டு வாரம் டர்னிப்பும் உருளைக்கிழங்கும் தோண்டினார்கள். பயிரின் மதிப்பு 500 பவுன் அளவு. அதைக் காக்க ஆன செலவு 10,000 பவுனுக்கு மேல். ஒவ்வொரு டர்னிப்புக்கும் ஒரு ஷில்லிங் என்று பார்னெல் கணக்குப் போட்டுச் சிரித்தார்.

அந்த இரண்டு வாரத்தில் ஊர்க்காரர்கள் கல் எடுக்கவில்லை. அந்தப் பெருமை ஊர்ப் பாதிரியார் ஜான் ஓமாலிக்கு. யாரும் ரோட்டுப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தார். படை திரும்பிப் போன அன்று வெறிச்சோடிக் கிடந்த ரோட்டில் ஒரே ஒரு கிழவி நின்றாளாம். ‘ராணியின் படையை மிரட்டாதே என்று உன்னிடம் சொன்னேனா இல்லையா?’ என்று ஓமாலி அவளை அதட்டினார் என்று ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, ஆளைப் பற்றி அது ஒரு சித்திரம் தருகிறது.

புதிய சொல்லுக்கும் அவரே காரணம் என்கிறார் அப்போது மேயோவில் இருந்த அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெட்பாத். சாப்பாட்டு மேசையில் ரெட்பாத் ஒரு வார்த்தைக்குத் திண்டாடிக்கொண்டிருந்தார். ஒதுக்கிவைப்பதைக் குறிக்கக் கிரேக்கத்திலிருந்து வந்த பெரிய சொல் ஆங்கிலத்தில் இருக்கிறது. குடியானவர்களுக்கு அது புரியாது. ஓமாலி குனிந்து நெற்றியைத் தட்டிக்கொண்டார். ‘பாய்காட் பண்ணுவது என்று வைத்துக்கொண்டால் என்ன?’ என்றார். அந்த வருடம் முடிவதற்குள் சொல் அட்லாண்டிக்கைத் தாண்டிவிட்டது. சில ஆண்டுகளில் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் புகுந்துவிட்டது. 1905இல் வங்கத்தில் சுதேசி இயக்கம் தொடங்கியபோது நம் பத்திரிகைகளிலும் ஏறியது.

பார்னெல் சொன்ன கோவென்ட்ரியை இப்படி ஒரு மனிதரின் குடும்பப் பெயர் ஓரம் கட்டிவிட்டது. வாங்குவதையும் விற்பதையும் உழைப்பையும் நிறுத்துவது எல்லாம் பாய்காட் ஆனது. வெறும் மௌனம் மட்டும் கோவென்ட்ரிக்கு மிச்சமானது.

யார் கையில் சாவி

நவம்பர் 27இல் பாய்காட் குடும்பத்தோடு வீட்டைக் காலி செய்தார். வண்டியோட்ட உள்ளூரில் ஆள் கிடைக்காமல் ராணுவ ஆம்புலன்ஸ் வண்டியில் போனார். டப்ளினில் தங்கிய விடுதிக்கும் மிரட்டல் கடிதம் வந்தது. டிசம்பர் 1ஆம் தேதி கப்பலேறி இங்கிலாந்து போய்விட்டார்.

அவர் பணிந்திருக்க முடியுமா? எதற்குப் பணிவது? மக்கள் கேட்டது 25 சதவீதக் குறைப்பு. அதைக் கொடுக்கும் அதிகாரம் எர்ன் பிரபுவுடையது. பாரி ஆறு புட்டி ஒயின் வாங்கிக் கொடுத்தது போலத் தன் கைக்காசில் தீர்க்கக்கூடிய விஷயமாக அது இருக்கவில்லை. வேலையை ராஜினாமா செய்திருக்கலாம், பிடிவாதக்காரர், செய்யவில்லை. தண்டிக்கப்பட்டவர் ஒருவர், சாவி வைத்திருந்தவர் இன்னொருவர். முகவரைத் தாக்கினால் முதலாளிக்கு வலிக்கும் என்பது நிலக் கழகத்தின் கணக்கு. அரசியலாக அது பலித்தது. அடுத்த வருடமே பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டனின் அரசு, நியாயக் குத்தகையை நீதிமன்றம் நிர்ணயிக்க வழிசெய்யும் நிலச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பாய்காட் காரணமாகவே வந்தது என்று சொல்வது மிகை. அவர் ஒருவருக்கு நடந்ததுபோல அந்தக் குளிர்காலத்தில் பல முகவர்களுக்கும் நிலம் பிடித்தவர்களுக்கும் நடந்தது. அந்த மொத்த நெருக்கடிதான் காரணம்.

1881 இலையுதிர்காலத்தில் அவர் மாஸ்க் ஏரிக்குத் திரும்பி வந்தார். அப்போதும் வரவேற்பு நன்றாக இல்லை. வெஸ்ட்போர்ட்டில் நடந்த ஓர் ஏலத்தில் அவர் கொடும்பாவியை எரித்தார்கள். ஆனாலும் சில ஆண்டுகள் அங்கேயே இருந்தார். 1886இல்தான் சபோக்கில் வேறொரு பண்ணை வேலைக்குப் போனார். 1897இல் இறந்தார். அதுவரை விடுமுறைக்கு அயர்லாந்துக்கே போய் வந்துகொண்டிருந்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த தகவல். அவர் பெயர் அகராதியில் ஏறி உலகம் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில், ஆள் குதிரைப் பந்தயம் பார்த்துக்கொண்டு காலம் கழித்தார்.

வெஸ்ட் பாயிண்டின் நான்கு வருடம்

குரோஸின் விதிகள் எழுத்துப் பிசகாமல் பின்பற்றப்பட்டது அமெரிக்காவில். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்விக்கூடத்தில் அதன் பெயர் ‘மௌனம்’. நேர்மை விதியை மீறினார் என்று சக மாணவர்கள் தீர்மானித்த ஒருவர் வெளியேற மறுத்தால், பணி தொடர்பானது தவிர வேறெதுவும் அவரோடு பேச மாட்டார்கள். அறைத் தோழர் கிடையாது. சாப்பாட்டு மேசையில் தனி.

1932இல் அங்கே சேர்ந்தார் பெஞ்சமின் ஆலிவர் டேவிஸ், இளையவர். அவர் தந்தையும் ராணுவ அதிகாரி. மகன் கறுப்பர் என்பதைத் தவிர எந்த விதியையும் மீறவில்லை. அந்த ஒன்றுக்காக நான்கு வருடம் யாரும் அவரோடு பேசவில்லை. அறையில் தனியாக இருந்தார், தனியாகச் சாப்பிட்டார். மனம் நொந்து அவராகவே ஓடிவிடுவார் என்று எதிர்பார்த்திருக்கிறார்கள். 1936இல் 276 பேரில் 35ஆவதாகத் தேறினார்.

பழைய விதிப்படி பணிந்து திரும்பும் வழி இவருக்கு எது? எதைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது? தண்டனையின் உடம்பெல்லாம் அப்படியே இருக்க, முடிவு மட்டும் அறுத்தெடுக்கப்பட்ட வடிவம் இது. உணவுக்கூடத்தில் நண்பர்கள் தங்களுக்குள் விளையாடிய ஒன்று, நண்பராக ஒருபோதும் ஏற்காத ஒருவர் மேல் திரும்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. அந்த வருடத்து ஆண்டு மலரில், இணையற்ற சோதனையைத் தாண்டிய அவர் துணிச்சலைச் சக மாணவர்கள் பாராட்டி எழுதினார்கள். அந்தச் சோதனையை வைத்தது யார் என்பதை எழுதவில்லை.

பட்டம் பெற்ற டேவிஸ் ஜார்ஜியா மாநிலத்தின் பெனிங் ராணுவ முகாமுக்குப் போனார். அங்கே அதிகாரிகள் மன்றத்துக்குள் அவரை விடவில்லை. பிறகு இரண்டாம் உலகப் போரில் டஸ்கிகீ விமானிகள் என்ற கறுப்பின விமானிகளுக்குத் தலைமை ஏற்றதும், அமெரிக்க விமானப்படையில் ஜெனரல் பதவி பெற்ற முதல் கறுப்பர் ஆனதும் தனிக் கதை. வெஸ்ட் பாயிண்ட் மாணவர்கள் ‘மௌனம்’ என்ற தண்டனையை 1973இல் கைவிட்டார்கள். தேர்வில் நேரம் முடிந்த பிறகும் எழுதினார் என்று குற்றம் சாட்டப்பட்ட இன்னொரு மாணவர் பத்தொன்பது மாதம் அதைத் தாங்கி நின்று, பட்டத்தோடு வெளியேறிய சில மாதங்களில் அது நடந்தது.